பெரியப்பச்சியை வேறு வைத்த கோடை

முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள், மாற்றலாமா என்று யோசிப்பவர்கள், யோசித்து யோசித்தே கைத்தடிக்கு வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் இப்படித் திரும்புங்கள். இது நம் வயதுக்காரர்களுக்கான பேச்சு. சின்னவர்கள் படித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அதை விளக்கிச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

இந்தப் பங்குனியில் எனக்கு வலது முழங்காலை மாற்றினார்கள். மகன் வெளிநாட்டில் இருந்தபடியே ஏற்பாடு செய்து, காரைக்குடியில் என் வீட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறான். காலையில் வந்து பொழுது சாயப் போவாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. தங்கமான பெண். தொந்தரவே அதுதான். நான் கையை நீட்டுவதற்குள் டம்ளர் வந்துவிடுகிறது. சீப்பைத் தொட்டால் வாங்கிக்கொண்டு அவளே வாரிவிடுகிறாள். வெங்காயம் நறுக்குகிறேன் என்றால், “வேணாம்மா, சார் கேமராவுல பாத்தாருன்னா என்னையத்தான் திட்டுவாரு” என்கிறாள். நேற்று நான் கொட்டாவி விட்டேன், அதற்கும் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “ஏம்மா, கொட்டாவியையாவது நானா விட்டுக்கிறேனே” என்றேன். சிரித்தாள், தடவுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்போதுதான் எனக்குப் பெரியப்பச்சியின் நினைவு வந்தது. எங்களில் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். அப்பச்சியின் அண்ணன் பெரியப்பச்சி. நான் பத்து வயதுக்காரியாக இருந்த ஒரு கோடையில், அந்த மனிதர் தன் வீட்டிலேயே இருப்பாரா, தங்கை வீட்டுக்குத் தேவகோட்டைக்குப் போய்விடுவாரா என்பதே எங்கள் வீட்டில் காலை முதல் மாலை வரை பேச்சாக இருந்தது. அவருக்கு என்ன விருப்பம் என்பது மட்டும் அந்தப் பேச்சில் கடைசிவரை வரவில்லை.

முதலில் எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதற்குள் வாய் வலித்துவிடும். வீடு ஒன்று, வாசல் ஒன்று, கிணறு ஒன்று. அடுப்பு மட்டும் வேறு வேறு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் கொஞ்ச காலம் புது மருமகள் மாமியார் அடுப்பில் சாப்பிடுவாள். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, பாத்திரம், அரிசி, பருப்பு, விறகு எல்லாம் கொடுத்து, அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டிவிடுவார்கள். இதற்கு வேறு வைப்பது என்று பெயர். சண்டை போட்டுப் பிரிவதில்லை, சிரித்துக்கொண்டே வைப்பார்கள். அன்றையிலிருந்து அவர்கள் வரவு அவர்களுக்கு, அவர்கள் ரசம் அவர்களுக்கு. வேறு வைத்த அடுப்புப் பானையை மாமியாரும் திறந்து பார்க்கக் கூடாது. நாளுக்கும் கிழமைக்கும் ஒரு கிண்ணம் பலகாரம் கொடுத்து வாங்கிக்கொள்வதோடு சரி.

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்று ஆத்தாவுடையது, இன்னொன்று சித்தப்பச்சியின் மனைவியான சின்னாத்தாவுடையது. மூன்றாவது அடுப்பு பெரியப்பச்சியுடையது. அவர் மனைவி பெரியாத்தா காலமான நாளோடு அது அணைந்துவிட்டது. அவர்களுடைய ஒரே மகன் பினாங்கில் கடை பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பச்சிக்குச் சமைக்கத் தெரியாது. பினாங்கில் இருந்த காலத்திலும் சமையலுக்கு ஆள் உண்டாம், வெந்நீர் வைக்கவும் அறியாதவர். அதனால் ஒரு மாதம் எங்கள் அடுப்பு, ஒரு மாதம் சின்னாத்தா அடுப்பு என்று முறை வைத்துச் சாப்பிட்டார். ‘நான் அரைப்புள்ளிதானே, எந்தப் பக்கம் வேணாலும் ஒட்டிக்குவேன்’ என்று சிரிப்பார். புருஷன் பெண்டாட்டி சேர்ந்தால்தான் எங்களில் ஒரு புள்ளி, கணக்கில் ஒரு குடும்பம். ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் அரை.

அந்த மாசியில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, நாக்கும் குழறியது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, எனக்குப் பள்ளிக்கூடம் விடுகிற சமயத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வளவு என்கிற நடுமுற்றத்தை ஒட்டிய அவருடைய அறையில், உட்கார்ந்தால் என் கால் தரையில் படாத அந்தத் தேக்குக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ‘நல்லா ஓய்வு குடுங்க, உப்பைக் குறைங்க’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வு என்றால் விரலையும் அசைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் யார் முறை என்பதில் தகராறு வந்தது. வேண்டாம் என்று அல்ல, எனக்குத்தான் வேண்டும் என்று. ஊர் வாயை மூட உலை மூடி இல்லை என்பது இரண்டு பெண்களுக்கும் தெரியும். மூத்தவருக்கு முடியாதபோது இன்ன அடுப்பில் கவனிக்கவில்லை என்று ஒரு சொல் வந்துவிட்டால் தீர்ந்தது. ஆகவே இரண்டு அடுப்பிலிருந்தும் சாப்பாடு வந்தது. அந்த அடுப்பு அனுப்பியது போதாது என்று இந்த அடுப்புக்கும், இந்த அடுப்பு அனுப்பியது வாய்க்கு விளங்காது என்று அந்த அடுப்புக்கும் எண்ணம். காலையில் எங்கள் பக்கமிருந்து இட்லியும் கத்திரிக்காய்க் கோசமல்லியும் போகும். பின்னாலேயே சின்னாத்தாவின் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் வரும். பத்து மணிக்கு இரண்டு கஞ்சி. மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

‘போதுமா, வேணுமா, பிடிச்சிருக்கா’ என்று அவரை ஒரு வார்த்தை கேட்டால் முடிந்திருக்கும். ஆனால் அவர் இரண்டு பேருக்கும் மூத்தார், புருஷனின் அண்ணன். மூத்தார் முன்னால் நின்று தம்பி மனைவி பேசுகிற வழக்கம் அன்று எங்கள் வீட்டில் இல்லை. கதவோரம் வரைக்கும் வருவார்கள். அங்கிருந்து என்னைத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் கேட்பதை உள்ளே சொல்வதும் அவர் சொல்வதை வெளியே சொல்வதும் என் வேலை.

முதல் நாளே பெரியப்பச்சி என்னோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அவர் பேச்சு மற்றவர்களுக்கு விளங்காது, எனக்கு விளங்கும். அவசரமில்லாமல் கேட்டால் யாருக்கும் விளங்கியிருக்கும்.

“குட்டி, கதவைச் சாத்து. இட்லி உனக்கு, பணியாரம் எனக்கு. நாளைக்கு மாத்திக்குவம்.”

“வேணாம்னு சொல்லிர வேண்டியதுதான பெரியப்பச்சி?”

“யாருகிட்டச் சொல்றது? இங்குட்டு வேணாம்னா அங்குட்டு ஜெயிச்சதா ஆயிரும். அடுப்பு ரெண்டுக்கும் சண்டை வந்துரும். நீ தின்னு.”

நான் தின்றேன். தட்டுகள் வழித்துத் துடைத்தாற்போல் வெளியே போயின. மூத்தவருக்கு இன்று நல்ல பசி என்று இரண்டு அடுப்பிலும் மகிழ்ந்து, மறுநாள் இன்னும் ஒரு கரண்டி கூட்டினார்கள். அந்தக் கோடையில் என் பாவாடை நாடா எட்டாமல் போனது. வளருகிற பிள்ளை என்றார் தையல்காரர். எந்தப் பக்கம் வளர்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

காலையும் மாலையும் ஒரு கம்பவுண்டர் வருவார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குளிப்பாட்ட, எண்ணெய் தேய்க்க, சவரம் செய்ய, கை காலை நீட்டி மடக்க எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் வந்தால் அறை முழுக்கத் தைல வாடையும் பேச்சும் நிறைந்துவிடும். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. “அண்ணே, ராத்திரி நல்லாத் தூங்குனீகளா? தூங்குனீக, தூங்குனீக, முகத்துலயே தெரியுது. வயிறு லேசா இருக்கா? இருக்கும். இன்னைக்குச் சந்தோசமா இருக்கீக.” தான் சந்தோஷமாக இருக்கும் செய்தியைப் பெரியப்பச்சி அவரிடமிருந்துதான் தெரிந்துகொள்வார்.

பெரியப்பச்சிக்குப் பினாங்கு நாளிலிருந்து மெல்லிய மீசை ஒன்று உண்டு. கண்ணாடி முன் நின்று சின்னக் கத்தரிக்கோலால் தாமே திருத்துவார். அந்த நேரம் யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு நாள் கம்பவுண்டர், “இது இருந்தா சோப்புப் போட இடைஞ்சலாருக்குண்ணே” என்று சொல்லிக்கொண்டே அதை வழித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வேலை சுலபமாகட்டும் என்றுதான். அவர் போனபிறகு பெரியப்பச்சி இடது விரல்களால் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“குட்டி, எனக்கு மீசை இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு பெரியப்பச்சி.”

“சரி. எனக்குத்தான் சந்தேகமாப் போச்சு.”

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் தாயம் விளையாட வரவில்லை. இன்று அந்த நீலச் சட்டைப் பெண் என் கையிலிருந்து சீப்பை வாங்கும்போது எனக்கு அந்த மேலுதடு ஞாபகம் வருகிறது. கோபம் வருவதில்லை, ஆனால் நானும் என் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

பாலாடைக் கதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடிக்கும்போது ஒருமுறை அவருக்குப் புரையேறிவிட்டது. உடனே சின்னாத்தா பெட்டியைத் திறந்து, வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பச்சி மடியில் துண்டை விரித்து, பெரியப்பச்சியின் தலையைத் தூக்கி, மூக்கு நீண்ட அந்தக் குட்டிக் கிண்ணத்தால் தண்ணீர் புகட்டினார். ஊரில் பஞ்சாயத்து என்றால் முதலில் ஆளனுப்பிக் கூப்பிடுகிற மனிதர் பெரியப்பச்சி. குடித்து முடித்துவிட்டு, “அடுத்து தொட்டில் கட்டுங்க” என்றார். சித்தப்பச்சிக்கு விளங்கவில்லை. “இன்னுங் கேக்குறாக” என்று மறுபடி புகட்டினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்ததற்கு எனக்குக் குட்டு விழுந்தது. அந்தப் பாலாடை பிறகு யார் வீட்டுச் சீரில் போனதென்று தெரியவில்லை.

மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரம் எங்களுடையது. கட்டில் மேல் பலகையைப் போட்டு, சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுப் பித்தளைத் தாயக்கட்டையை உருட்டுவோம். முதலில் இடது கையால் உருட்டினார். போகப் போக, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பலகையில் வைத்து, அந்த விரல்களுக்குள் கட்டையைத் திணித்து, உதறிப் பார்ப்பார். கட்டை தரையில் ஓடும், நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் பொறுக்கி வருவேன். ஒரு நாள் அந்த வலது கை தானாகவே உருட்டி, தாயம் போட்டு, என் காயை வெட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே அடுப்படிக்கு ஓடினேன்.

“ஆத்தா, பெரியப்பச்சி வலது கையால உருட்டி என்னைய வெட்டிட்டாக!”

“அந்தக் கைதான் விளங்கலையே. பெரியவுக மேல பொய் சொல்லாத. போ, இந்தக் கஞ்சியக் குடுத்துட்டு வா.”

இரண்டு அடுப்பிலும் சொல்லிப் பார்த்தேன். எவரும் நம்பவில்லை. அந்தக் கையில் அவர் ஒரு டம்ளரைப் பிடிப்பதற்குக்கூட யாரும் இடம் கொடுத்ததில்லை, பிறகு எப்படித் தெரியும்?

இப்படி இருக்கையில்தான் தேவகோட்டையிலிருந்து அயித்தை வந்தாள். பெரியப்பச்சிக்கும் அப்பச்சிக்கும் கூடப் பிறந்த ஒரே தங்கை. காரும் உண்டு, குரலும் உண்டு. அறைக்குள் வந்தவள் அண்ணனின் மீசையில்லாத முகத்தையும், நெஞ்சில் கட்டியிருந்த துண்டையும், இரண்டு கஞ்சிக் கிண்ணத்தையும் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு வளவில் வந்து நின்று தீர்ப்புச் சொன்னாள்.

“அண்ணனை நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு அடுப்பு இருந்தும் ஒரு மனுசருக்கு நாதியில்ல. எங்க வீட்டுக்கு அடுத்த வீடே டாக்டரு. முன் அறையைக் கழுவி வச்சிருக்கேன். வர்ற புதன்கிழமை கார் கொண்டாறேன். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது.”

அப்பச்சியும் சித்தப்பச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் தங்கள் கடையைப் பார்ப்பதா, அடுப்புச் சண்டையைப் பார்ப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தவர்கள். அவளுக்கும் அண்ணன்தானே என்று தலையாட்டினார்கள். ஆத்தா முகம் வெளுத்துவிட்டது. தம்பி பெண்டாட்டிகள் கவனிக்காமல் மூத்தவரைத் தங்கை வீட்டில் தள்ளிவிட்டார்கள் என்று ஊர் சொல்லப்போகிறதே என்ற பயம் அது. எனக்கு எந்தப் பயமும் இல்லை, ஒரேயடியாக அழுகைதான் வந்தது.

அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “நான் வரல.”

“களைப்புல பேசுறாக” என்றார் கம்பவுண்டர்.

“என்னைய வேறு வையுங்க” என்றார் பெரியப்பச்சி. இந்தத் தடவை எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார்.

வளவில் நின்றவர்கள் எல்லோரும் அறைப் பக்கம் திரும்பினார்கள். பிறகு அயித்தை தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயையோ, கல்யாணமான நெனப்பு வந்துருச்சே! அண்ணமிண்டி உசிரோட இருக்கான்னு நெனைக்கிறாகளே!” என்று செத்துப்போன தன் அண்ணன் மனைவியை நினைத்துப் புதிதாக ஒருமுறை அழுதாள். “மூளைக்கு ஏறுனா இப்படித்தான் பழசெல்லாம் வரும்” என்று கம்பவுண்டர் ஒத்து ஊதினார். இருபது வயது மணமக்கள் கேட்கிற ஒன்றை, பெண்டாட்டி இல்லாத, எழுந்து நிற்க முடியாத, வெந்நீரும் வைக்கத் தெரியாத மனிதர் கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? புத்தி கலங்கிவிட்டது என்று ஒரு மனதாக முடிவு செய்தார்கள். புதன்கிழமை உறுதியாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஆத்தாவும் சின்னாத்தாவும் மூன்றாங்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

“ஆச்சி, நம்ம மேல பழி வந்துருச்சே” என்றார் சின்னாத்தா. ஆத்தாவை அவர் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆத்தா முறத்தைக் கீழே வைத்தாள். “அதில்லடி. நேத்திலருந்து வேற ஒன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. நான் வந்த புதுசுல மாமியா அடுப்புலதான சாப்பிட்டேன்? குறை சொல்லக்கூடாது, நல்லாத்தான் போட்டாக. ஆனா கொஞ்சம் புளி கூடுதலா வேணும்னா கேக்கணும், நாலு மணிக்கு ஒரு வாய் காப்பின்னா கேக்கணும். வேறு வச்ச அன்னைக்கு என் சோறு குழஞ்சு போச்சு, குழம்பு தீஞ்சு போச்சு. அதைப் போல ருசியா நான் இன்னைய வரைக்கும் சாப்பிட்டதில்ல.”

“எனக்கும்தான் ஆச்சி. நான் அன்னைக்கு அடுப்புக்கு முன்னாடி உக்காந்து அழுதேன், சந்தோசத்துல.”

“அப்பறம்? அவுக புத்தி கலங்கியா கேக்குறாக?”

ஆத்தா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். வழக்கம்போல் கதவோரம் நிற்பாள், நான் உள்ளே போய்க் கேட்க வேண்டும் என்று முன்னால் ஓடினேன். என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

“வேறு வைக்கச் சொன்னீகளே, மெய்யாவா சொன்னீக?”

பெரியப்பச்சி திடுக்கிட்டுப் போனார். எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே பேசினார்.

“மெய்யாத்தான். ரெண்டு பேரு கையும் நல்ல கை. ஒரு குறையும் சொல்லல. ஆனா நீங்க எனக்குப் பசிக்கவே விடமாட்டேங்கிறீகளே.”

ஆத்தா அங்கே இருந்த இரண்டு கஞ்சிக் கிண்ணத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, “புதன்கிழமைக்குள்ள வச்சிருவம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். 

நம் வயதுக்காரர்களே, அன்று அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. பசி என்பது வந்தால் தின்று தீர்க்கிற ஒன்று என்றுதான் பத்து வயதில் தெரியும். பசிப்பதும் ஓர் உரிமை என்பது நீலச் சட்டைப் பெண் நேரத்துக்கு நேரம் ஊட்ட வரும் இந்த வயதில்தான் விளங்குகிறது.

அதன்பிறகு வீட்டில் நடந்ததைக் கல்யாண வேலை என்றே சொல்லலாம். அணைந்து கிடந்த மூன்றாவது அடுப்படியைச் சின்னாத்தா கழுவிவிட்டுக் கோலம் போட்டார். கீழே உட்கார்ந்து சமைக்கப் பெரியப்பச்சியால் முடியாதென்பதால் பழைய பெஞ்சு ஒன்றின் மேல் மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றினார்கள். எந்தப் பாத்திரத்துக்குப் பிடி இருக்கிறது, எதை ஒரு கையால் தூக்கலாம் என்று இரண்டு பெண்களும் பரணைக் கவிழ்த்துத் தேடினார்கள். ஆத்தா அரிசியும் பருப்பும் கொடுத்தாள், சின்னாத்தா எண்ணெயும் அப்பளமும் கொடுத்தார். உப்பு யார் கொடுப்பது என்று மட்டும் ஒரு சின்னப் பிணக்கு வந்து போனது. கட்டிலுக்கு மேலே இருந்த ஊஞ்சல் கொக்கியில் கயிறு கட்டி, அதைப் பிடித்து எழுந்து நிற்கக் கம்பவுண்டர் வழி செய்தார். “அண்ணே, நீங்க எந்திரிச்சிருவீக” என்று அவர் சொன்னார். அவர் சொன்னபடி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பச்சிக்குப் பிடிக்கவில்லை. “ஊரு சிரிக்கும்” என்றார்.

“தேவகோட்டைக்கு அனுப்புனாலும் சிரிக்கும். வீட்டுல வச்சே சிரிக்கட்டும்” என்றாள் ஆத்தா.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் பெரியப்பச்சி கயிற்றைப் பிடித்து எழுந்தார். கம்பவுண்டர் தோளில் இடது கையைப் போட்டு, வலது காலை இழுத்து இழுத்து, அறையிலிருந்து வளவைக் கடந்து, பின்கட்டு வரைக்கும் நடந்தார். ஒவ்வொரு தூணிலும் நின்றார். அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததும் கம்பவுண்டரைப் பார்த்து, “கையைக் கட்டிக்க” என்றார். அவர் கையைக் கட்டிக்கொண்டார். வாயைக் கட்டச் சொல்லியிருந்தால் பாவம், தாங்கியிருக்க மாட்டார்.

தீப்பெட்டியை வலது உள்ளங்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கி, இடது கையால் உரசினார். குச்சி ஒடிந்தது. இன்னொன்று எரிந்து காற்றில் அணைந்தது. சின்னாத்தாவின் கை தன்னால் முன்னே போனது. ஆத்தா அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வேர்வை வழிந்து அவர் சட்டை நனைந்துவிட்டது. அப்புறம் ஒரு குச்சி பற்றித் திரியும் பற்றியது. முதலில் பால் வைத்தார், பொங்கியது. பெண்கள் இரண்டு பேரும் குலவையிட்டார்கள். பெரியப்பச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆத்தா தள்ளி நின்று பக்குவம் சொல்லச் சொல்ல அவர் சோறும் பருப்பும் இறக்கி, அப்பளம் கருகிக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. அயித்தை நேரே அறைக்குப் போய்க் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அலறிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவந்தாள். அடுப்புக்கு முன்னால் அண்ணன் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன கூத்து இது? மனுசனைச் சமைக்க விட்டுட்டு நின்னு வேடிக்கை பாக்குறீகளா?”

“வேறு வச்சாச்சு” என்றாள் ஆத்தா.

பெரியப்பச்சி தங்கையைப் பார்த்துச் சிரித்தார். “வா. நல்ல நேரத்துல வந்த. உக்காரு, சாப்பிட்டுப் போ.”

வேறு வைத்த வீட்டில் முதல் நாள் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. அது அயித்தைக்கும் தெரியும். என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் நாற்காலியை ஒட்டி மணைப் பலகையில் உட்கார்ந்தாள். நான் இலை போட்டேன். பெரியப்பச்சி இடது கையால் கரண்டியை எடுத்தார், எடுத்த கையைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். விருந்தாளிக்கு இடது கையால் பரிமாறலாமா? வலது கையைத் தூக்கிக் கரண்டிமேல் வைத்தார். விரல்கள் மெல்ல மடங்கின. கரண்டி நடுங்கி நடுங்கிச் சோற்றுக்குள் போனது, நடுங்கி நடுங்கி வெளியே வந்தது. பாதி தரையில் விழுந்தது. பாதி இலையில் விழுந்தது.

 அயித்தை இலையைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்தாள். அவள் கண்ணீர் சோற்றில் விழுந்தது.

“அழாமச் சாப்பிடு. ஏற்கெனவே தண்ணி கூடிப்போச்சு” என்றார் பெரியப்பச்சி.

ஒரு வாய் வைத்தாள். “உப்பே இல்லயேண்ணே.”

“எனக்கு டாக்டரு குறைக்கச் சொல்லிட்டாரு. உனக்கு வேணும்னா எடுத்துப் போட்டுக்க.”

அவள் போட்டுக்கொள்ளவில்லை. அரை வேக்காட்டுப் பருப்பையும் கருகிய அப்பளத்தையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, சின்னப் பிள்ளையில் கேட்டிருப்பாளே, அந்தக் குரலில், “இன்னுங் கொஞ்சம் போடுண்ணே” என்றாள்.

பெரியப்பச்சி பானையைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் அவருக்கென்று ஒரு பிடிதான் இருந்தது.

“இருக்கிறது எனக்குத்தான். எனக்குப் பசிக்குது” என்றார். “அடுத்த தடவை வாறப்ப முன்னாடியே சொல்லி அனுப்பு. ஒரு பிடி கூடப் போட்டுருவேன்.”

அயித்தை கை கழுவிவிட்டு வாசலுக்குப் போனாள். காரின் பின் இருக்கையில் டிரைவர் மெத்தை விரித்து, இரண்டு பக்கமும் தலையணையை அணைத்து வைத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“அதையெல்லாம் சுருட்டி எடுப்பா” என்றாள். “நான் மட்டுந்தான் வாறேன்.”